மூன்றாம் மதிப்பு யாருடையது?

நெல்லை வட்டாரத்து நாளிதழ்களில் மழைக்காலத்தில் தவறாமல் இடம்பெறும் சிறு பெட்டிச் செய்தி அணைகளின் நீர்மட்டம். பாபநாசத்துக்கு உச்சமட்டம் 143 அடி, சேர்வலாறுக்கு 156 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்பது அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு மனப்பாடம். இந்த மூன்று அணைகளின் கணக்கையும் ஒரு தரவுத்தளத்தில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். இன்று பெருவழக்கில் உள்ள அட்டவணை முறையில் அணைக்கு ஒரு வரி எழுதுவோம். ஒவ்வொரு வரியிலும் பெயர், உச்சமட்டம், இன்றைய மட்டம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். பல்மதிப்புத் தரவுத்தளம் எனப்படும் இன்னொரு மரபில் தாமிரபரணிக்கு ஒரே ஒரு பதிவு போதும். அதன் முதல் புலத்தில் மூன்று பெயர்கள், இரண்டாம் புலத்தில் மூன்று உச்சமட்டங்கள், மூன்றாம் புலத்தில் மூன்று இன்றைய மட்டங்கள். ஒரே புலத்துக்குள் பல மதிப்புகள் வரிசையாக உட்காரலாம் என்பதுதான் இந்த மரபின் அடையாளம்.

இனி இதற்குள் ஒரு பிழையை விடுவோம். ஒரு நாள் காலை பாபநாசத்தின் அளவு வந்து சேரவில்லை. சேர்வலாறு 130 அடி, மணிமுத்தாறு 96 அடி என்ற இரண்டு மட்டுமே வந்தன. முதல் இடத்தை வெற்றாக விட்டுவிட்டு அடுத்த இரண்டு இடங்களில் இவற்றை எழுதுவதே முறை. அப்படிச் செய்யாமல், வந்ததை வந்த வரிசையில் புரோகிராம் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? பாபநாசத்துக்கு நேராக 130, சேர்வலாறுக்கு நேராக 96, மணிமுத்தாறுக்கு நேராக ஒன்றுமில்லை. 130 என்பது 143-க்கு உட்பட்டது. 96 என்பது 156-க்கு உட்பட்டது. உச்சமட்டத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் சோதனை இரண்டையும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அலுவலகத்துக்கு வரும் புகாரோ ‘மணிமுத்தாறு அளவு திரையில் காணோம்’ என்பதாக இருக்கும். உண்மையில் மணிமுத்தாறின் அளவு ஒழுங்காக வந்து சேர்ந்தது, வராதது பாபநாசத்தினுடையது. புகார் சுட்டும் இடத்தில் கோளாறு இல்லை. யாரும் புகார் சொல்லாத இரண்டு இடங்களில் பொய்யான எண்கள் மெய்போல நிற்கின்றன.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையைத் தோண்டிப் பயனில்லை. கால்வாய்க் கரையோடு மேலே நடந்து, எந்த மதகில் நீர் நின்றது என்று பார்க்க வேண்டும். பல்மதிப்புத் தரவுத்தளத்தில் பிழை தேடுவதும் இப்படித்தான். ஆனால் எந்தப் பக்கம் ‘மேலே’ என்பது இங்கே கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. இந்த அத்தியாயம் முன்வைக்கும் வாதம் ஒன்றுதான்: இத்தகைய அமைப்புகளில் எழும் கோளாறுகளில் கணினி பழுதாவதால் வருபவை சிறுபான்மை. பெரும்பாலானவை மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்டு எங்கும் எழுதிவைக்காத ஓர் உடன்பாடு முறிவதால் வருகின்றன. மூன்றாம் புலத்தின் மூன்றாம் மதிப்பு முதல் புலத்தின் மூன்றாம் பெயருக்கு உரியது என்பது அப்படிப்பட்ட உடன்பாடு. புரோகிராம் எழுதியவருக்கு அது தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆகவே பிழை திருத்துபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த வரி தவறு?’ என்பதல்ல, ‘எந்த உடன்பாடு முறிந்தது?’ என்பதே.

ஹெலிகாப்டருக்குப் பிறந்த முறை

இந்த மரபு 1960-களின் நடுவில் அமெரிக்காவில் பிறந்தது. லாக்ஹீட் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய செயென் என்ற போர் ஹெலிகாப்டரின் உதிரிபாகக் கணக்கைக் கையாள, டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் டான் நெல்சனும் ரிச்சர்ட் பிக்கும் ஒரு தகவல் தேடும் முறையை வடிவமைத்தார்கள். ஓர் உதிரிபாகத்துக்குப் பல சப்ளையர்கள், ஒவ்வொரு சப்ளையருக்கும் பல விலைகள் என்று கிளைத்துக்கொண்டே போகும் கணக்கு அது. 1973-இல் மைக்ரோடேட்டா நிறுவனம் இதை ‘ரியாலிட்டி’ என்ற பெயரில் வணிகக் கணினியாக விற்றது. அதன் வழித்தோன்றல்களாக யுனிவர்ஸ், யுனிடேட்டா, ஜேபேஸ் போன்றவை இன்றும் ஓடுகின்றன. 2001-இல் ஐபிஎம் கைக்குப் போன யுனிவர்ஸும் யுனிடேட்டாவும் 2009-இல் ராக்கெட் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு மாறின. ஜேபேஸின் கதை தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட டெமனோஸ் நிறுவனத்தின் டி24 என்ற வங்கி மென்பொருள் நெடுங்காலம் ஜேபேஸின் மேல்தான் ஓடியது. அந்நிறுவனத்தின் பெரிய மென்பொருள் மையம் ஒன்று சென்னையில் இருக்கிறது. திருநெல்வேலியில் கணினி படித்துவிட்டுச் சென்னைக்கு வங்கி மென்பொருள் வேலைக்குப் போகும் ஓர் இளைஞர், பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூடப் பார்த்திராத இந்த மரபை முதன்முதலில் சந்திப்பது அந்த வேலை மேசையில்தான்.

இந்த முறை அறுபது ஆண்டுகளாக உயிரோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. தாமிரபரணியையே எடுத்துக்கொள்வோம். நதியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பிரிபவை பதினோரு கால்வாய்கள். கோடைமேலழகியானுக்கும் மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இரண்டிரண்டு. மற்ற ஐந்துக்கும் ஒவ்வொன்று. கால்வாய்தோறும் குளங்கள், குளந்தோறும் மடைகள். உலகத்தில் உள்ள கணக்குகளில் பெரும்பாலானவை இப்படி ஒன்றுக்குள் பலவாகத்தான் இருக்கின்றன. அவற்றை நான்கு தனி அட்டவணைகளாகப் பிரித்து, தேவைப்படும்போதெல்லாம் மீண்டும் கோத்தெடுப்பதைவிட, அணைக்கட்டின் பதிவுக்குள்ளேயே கால்வாய்களை வைத்துக்கொள்வது படிக்க எளிது, எழுத எளிது, வேகமும் கூட. பதிவு என்பது ஒரே நீளச் சரம். புலங்களைப் பிரிப்பது 254 என்ற எண்ணுடைய குறி, மதிப்புகளைப் பிரிப்பது 253, துணைமதிப்புகளைப் பிரிப்பது 252. அவ்வளவுதான் கட்டுமானம். எந்தப் புலத்துக்கும் முன்கூட்டியே நீளமோ வகையோ சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்துக்குத் தரும் விலையைத்தான் பிழைகளில் காண்கிறோம்.

முறிந்த உடன்பாடுகள் சில

முதல் சான்று டி24-இலிருந்தே கிடைக்கிறது. ஒவ்வொரு வங்கிக்கும் தனக்கென்று சில கூடுதல் தகவல்கள் தேவைப்படும். டி24 அவற்றுக்கெல்லாம் தனித்தனிப் புலம் ஒதுக்காமல், ‘லோக்கல் ரெஃப்’ என்ற ஒரே புலத்துக்குள் அடுத்தடுத்த மதிப்புகளாக வைக்கிறது. வங்கியின் சோதனைக் கணினியில் முதலில் ஆதார் எண்ணையும் பிறகு கிளைக் குறியீட்டையும் சேர்த்திருப்பார்கள். நிஜக் கணினியில் அந்த வரிசை மாறியிருக்கலாம். ‘இரண்டாம் மதிப்புதான் கிளைக் குறியீடு’ என்று புரோகிராமில் நேரடியாக எழுதிவிட்டால், சோதனையில் எல்லாம் சரியாக ஓடி, நிஜத்தில் கிளைக் குறியீட்டின் இடத்தில் ஆதார் எண் வந்து நிற்கும். புரோகிராமின் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் பிழை. இதைத் தவிர்க்கவே, புலத்தின் பெயரைக் கொடுத்தால் அது இந்தக் கணினியில் எத்தனையாவது இடம் என்று கேட்டுச் சொல்லும் ஒரு துணைநிரலை டி24 தருகிறது. இடத்தைப் பற்றிய உடன்பாட்டை மனித நினைவிலிருந்து எடுத்து எழுத்தில் வைத்ததே அந்தத் துணைநிரல் செய்த வேலை.

இரண்டாவது சான்று தேதி. பல்மதிப்பு அமைப்புகள் தேதியை நாட்களின் எண்ணிக்கையாகச் சேமிக்கின்றன. 1967 டிசம்பர் 31 பூஜ்யமாவது நாள். பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி பிரிந்த 1986 அக்டோபர் 20 இந்தக் கணக்கில் 6868. தென்காசி பிரிந்த 2019 நவம்பர் 22 என்பது 18954. இவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், எண்ணாக ஒப்பிட வேண்டுமா எழுத்தாக ஒப்பிட வேண்டுமா என்று தரவுத்தளம் தன் அகராதியைக் கேட்கும். அகராதி என்பது ஒவ்வொரு புலத்தையும் எப்படிக் காட்ட வேண்டும், எப்படி அடுக்க வேண்டும் என்று விவரிக்கும் துணைக்கோப்பு. அதில் ‘வலப்பக்கம் ஒட்டி’ என்று இருந்தால் எண்ணொப்பீடு. ‘இடப்பக்கம் ஒட்டி’ என்று இருந்தால் எழுத்தொப்பீடு. பின்னதில் 1 என்ற எழுத்து 6-க்கு முன்பு வருவதால், தூத்துக்குடிக்கு முன்பே தென்காசி பிறந்துவிட்டதாகப் பட்டியல் சொல்லும். தவறான அந்த அகராதி வரி பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் உறங்கியிருக்கவும் கூடும். ஏனென்றால் எல்லாத் தேதிகளும் நான்கு இலக்கமாக இருக்கும்வரை இரண்டு ஒப்பீடும் ஒரே விடையைத் தரும். பத்தாயிரமாவது நாளான 1995 மே 18-இல்தான் ஐந்தாம் இலக்கம் வந்தது, உறக்கம் கலைந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு அறிகுறி, சம்பந்தமே இல்லாத பதிவுகளில் ‘31 டிசம்பர் 1967’ என்று தேதி தெரிவது. அங்கே யாரும் அந்தத் தேதியை எழுதவில்லை. வெற்றாக இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கணக்கு பூஜ்யத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

மூன்றாவது சான்று தமிழ் எழுத்துக்கே உரியது. யுனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழர்கள் பரவலாகப் பயன்படுத்திய டிஸ்கி குறியேற்றத்தில் 128-க்கு மேற்பட்ட எண்களில் தமிழ் எழுத்துகள் அமர்ந்திருந்தன. அதில் ற் என்ற மெய்யெழுத்தின் எண் 252; ன் என்பதன் எண் 253. பல்மதிப்புக் கோப்பின் துணைமதிப்புக் குறியும் மதிப்புக் குறியும் அதே எண்கள்தான். டிஸ்கியில் எழுதிய ‘கன்னடியன்’ என்ற பெயரை அப்படியே அத்தகைய கோப்பில் போட்டால், ‘க’ ஒரு மதிப்பு, ‘னடிய’ ஒரு மதிப்பு, இறுதியில் வெற்றாக ஒரு மதிப்பு என்று மூன்றாக உடையும். ‘பழவூர்’ உடையாது; ‘சுத்தமல்லி’ உடையாது. சில பெயர்கள் மட்டும் சிதைவதைப் பார்ப்பவர் தட்டச்சு செய்தவர்மேல் பழிபோடுவது எளிது. உடைந்த பெயர்களையும் உடையாத பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் உடைந்தவை எல்லாவற்றிலும் ன் அல்லது ற் இருப்பது தெரியவரும். இன்றைய யுடிஎஃப்-8 முறையில் இந்த மோதல் இல்லை. 252, 253, 254 என்ற பைட்டுகள் அதில் எந்த எழுத்துக்கும் வருவதே கிடையாது. அதற்குப் பதில் வேறொரு சிக்கல் வருகிறது. ‘திருநெல்வேலி’ என்பது நம் கண்ணுக்கு ஆறெழுத்து; யுனிகோடில் பன்னிரண்டு குறியீடுகள்; யுடிஎஃப்-8-இல் 36 பைட்டுகள். பைட்டை எழுத்தென்று எண்ணும் பழைய புரோகிராம் ஒன்று 20-இல் வெட்டினால் ‘திருநெ’ என்பதும் அதன் வாலில் ஒரு பாதிக் குறியீடும் எஞ்சும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற ஆங்கிலக் காலத்து உடன்பாடு அங்கே முறிகிறது.

நான்காவது, பூட்டு. இரண்டு ஊழியர்கள் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தினால் பின்னால் எழுதியவரின் திருத்தம் முன்னவருடையதை அழித்துவிடும். இதைத் தடுக்க, ‘படித்துப் பூட்டு’ என்ற கட்டளை இருக்கிறது. எழுதி முடித்ததும் பூட்டு தானே திறக்கும். ஆனால் இந்தக் கட்டளையில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு: கேட்ட பதிவு கோப்பில் இல்லாவிட்டாலும், அந்தப் பதிவை அடையாளம் காட்டும் திறவுச்சொல்லின்மேல் பூட்டு விழுந்துவிடும். ‘பதிவு இல்லை’ என்ற கிளைக்குள் போகும் புரோகிராம் ஒரு செய்தியைக் காட்டிவிட்டுத் திரும்புகிறது. எழுதவும் இல்லை, பூட்டை விடவும் இல்லை. இன்னும் சிறிது நேரத்தில் வேறொரு மேசையில் அதே எண்ணில் புதிய பதிவு சேர்க்க முயல்பவரின் திரை அப்படியே உறைந்து நிற்கும். இல்லாத பதிவு எப்படிப் பூட்டியிருக்க முடியும் என்று அவருக்கு விளங்காது. பூட்டுகளின் பட்டியலைக் காட்டும் கட்டளை யார், எந்தக் கோப்பில், எந்தத் திறவுச்சொல்லைப் பிடித்திருக்கிறார் என்று சொல்லிவிடும். ஆனால் குற்றம் அந்த ஊழியருடையது அன்று. அவர் ஓட்டிய புரோகிராமின் அந்தக் கிளையுடையது.

ஐந்தாவது, கோப்பின் உடல். பல்மதிப்புக் கோப்பு பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. திறவுச்சொல்லை வைத்து ஒரு கணக்குப் போட்டு, இது எந்தக் குழு என்று கண்டுபிடித்து, நேராக அங்கே போய்ப் படிப்பார்கள். சிறிய கோப்பாக இருக்கும்போது 101 குழுக்கள், குழுவுக்கு 2048 பைட்டுகள் என்று வைத்தார்கள் என்று கொள்வோம். அதில் 200 பைட்டு நீளமுள்ள 20,000 பதிவுகள் சேர்ந்துவிட்டால் மொத்தம் 40 லட்சம் பைட்டுகள். குழுவுக்குச் சராசரியாக ஏறத்தாழ 39,600. ஒரு கட்டில் அடங்க வேண்டிய குழு இருபது கட்டுகளாக வழிந்து சங்கிலியாகத் தொங்குகிறது. ஒரு எட்டில் கிடைத்த பதிவுக்கு இப்போது பத்து, இருபது எட்டுகள். எந்த நாளிலும் எதுவும் கெடவில்லை. ஒவ்வொரு நாளும் சற்றே மெதுவாகிறது, அவ்வளவுதான். நெட்வொர்க்கையும் கணினியையும் மாற்றிப் பார்த்தவர்கள் கோப்பின் அளவைப் பார்ப்பதில்லை. குழுக்களின் எண்ணிக்கைக்குப் பகா எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. வெறும் மீதி காணும் கணக்காக இருந்து, திறவுச்சொற்கள் எல்லாம் 00 என்று முடிபவையாக இருந்தால், 100 குழுக்கள் வைத்த கோப்பில் அத்தனையும் ஒரே குழுவில் போய் விழும். 101 வைத்தால் சிதறும். 1980-இல் விடோல்ட் லிட்வின் வெளியிட்ட நீள்சிதறல் முறையை ஒட்டித் தானே வளரும் கோப்புகள் பின்னர் வந்தன. யுனிவர்ஸில் அத்தகைய கோப்பு 80 விழுக்காடு நிரம்பியதும் ஒரு குழுவைப் பிளந்துகொள்ளும். ஆனாலும் பழைய நிலையான கோப்புகள் ஏராளமாக இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 32-பிட் அமைப்பில் உருவானவை 2 ஜிபி என்ற சுவரில் முட்டி நிற்கின்றன.

ஆறாவது சான்றுக்கு வெளியுலகமே காரணம். பல்மதிப்பு வழக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்பவற்றை உடுக்குறியால் கோத்து ஒரே திறவுச்சொல்லாக்குவது சாதாரணம். 1986-இல் ஸ்ரீவைகுண்டம் திருநெல்வேலியிலிருந்து விலகியது. 2019-இல் சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் தென்காசிக்குப் போயின. இடையில் 1997-இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டபோது, நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆனது. மாவட்டப் பெயரையே திறவுச்சொல்லின் தலையில் வைத்திருக்கும் கோப்புக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு நிலநடுக்கம். திறவுச்சொல்லை மாற்றி எழுத இந்த அமைப்புகளில் வழியில்லை; புதிய சொல்லில் நகலெடுத்து, பழையதை அழித்து, அதைச் சுட்டும் எல்லாக் கோப்புகளிலும் திருத்த வேண்டும். அழிக்க மறந்தால் ஒரே கிராமம் இரண்டு மாவட்டக் கூட்டுத்தொகையிலும் வரும். சுட்டும் இடத்தைத் திருத்த மறந்தால், அங்கிருந்து பெயரைத் தேடிவரச் சொன்ன அகராதி வரி பிழைச்செய்தி எதுவும் தராமல் வெற்றிடத்தைத் திருப்பித் தரும். மாவட்டம் மாறாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத உடன்பாடு. அதை முறித்தது அரசாணை.

அறிகுறியிலிருந்து அடுக்குக்கு

இந்த ஆறையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொன்றும் வேறு அடுக்கில் பிறந்தது: மதிப்பின் இடம், அகராதி, குறியேற்றம், பூட்டு, கோப்பின் உடல், திறவுச்சொல். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் தனக்கென்று ஒரு வகைப் பரவலைக் காட்டுகிறது. ஒரே ஓர் அறிக்கையில் மட்டும் தவறு, கோப்பைத் திறந்து பார்த்தால் தரவு சரி என்றால் அகராதியைப் பார்க்க வேண்டும். சில பதிவுகளில் மட்டும், அதுவும் எழுத்தமைப்பில் ஒத்திருப்பவற்றில் மட்டும் என்றால் குறியேற்றம். ஒருவருக்கு ஓடுகிறது, இன்னொருவருக்கு உறைகிறது, சற்றுப் பொறுத்தால் தானே சரியாகிறது என்றால் பூட்டு. எல்லோருக்கும், எல்லா நேரமும், மாதத்துக்கு மாதம் மெதுவாக என்றால் கோப்பின் உடல். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு மட்டும் என்றால் வெளியுலகில் அன்று என்ன மாறியது என்று கேட்க வேண்டும். சோதனையில் சரி, நிஜத்தில் தவறு என்றால் மதிப்பின் இடம். ஆகவே புரோகிராமைத் திறப்பதற்கு முன்பே யாருக்கு, எந்தப் பதிவில், எப்போதிருந்து என்ற மூன்று கேள்விகளும், அவற்றுக்கு இணையாக யாருக்கு இல்லை, எதில் இல்லை, எப்போது இல்லை என்ற மூன்று கேள்விகளும் தேடலின் பரப்பை ஆறில் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருக்கிவிடுகின்றன. ‘ஓடவில்லை’ என்ற புகார் ஒன்றும் சொல்லாது. ‘இதில் ஓடவில்லை, அதில் ஓடுகிறது’ என்பது பாதி விடை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது: நோய் இந்தப் பழைய முறையிலேயே இருக்கிறது, அட்டவணை முறைக்கு மாறினால் எல்லாம் தீரும் என்பது. 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த அட்டவணைக் கோட்பாடு, ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டும் என்று விதித்ததன் பலனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அணைக்கு ஒரு வரி இருந்திருந்தால் பாபநாசத்தின் அளவு வராதது பாபநாசத்தை மட்டுமே பாதித்திருக்கும். ஆனால் மேலே சொன்ன ஆறில் அட்டவணை முறை நேரடியாகத் தீர்ப்பது இடத்தைப் பற்றிய முதல் பிழையைத்தான். தேதியை எழுத்தாகச் சேமித்தால் அட்டவணையிலும் வரிசை புரளும். கமாவால் பிரித்த கோப்புகள் கமா உள்ள முகவரியில் உடைவது எங்கும் நடப்பது. பூட்டும் மெதுவாதலும் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொது. மாவட்டப் பிரிவினை எந்தத் திறவுச்சொல்லையும் விட்டுவைக்காது. மேலும் 2009-இல் வந்த மாங்கோடிபி முதல் இன்றைய ஜேசன் ஆவணங்கள்வரை, ஒன்றுக்குள் பல என்ற வடிவத்துக்கே உலகம் திரும்பி வந்திருக்கிறது. ஒரு ஜேசன் ஆவணத்தில் பெயர்களை ஒரு பட்டியலாகவும் அளவுகளை இன்னொரு பட்டியலாகவும் எழுதுகிற இளைஞர், தனக்குத் தெரியாமலே 1965-இன் உடன்பாட்டைச் செய்கிறார். கருவி மாறும், எழுதாத உடன்பாடு தொடர்ந்து வரும்.

இரண்டாம் மறுப்பு நடைமுறையிலிருந்து வருவது. கவுண்டரில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது காரணகாரியம் ஆராய நேரம் ஏது? பூட்டை வலுக்கட்டாயமாகத் திற, கணினியை மறுபடி தொடங்கு, வேலை நடக்கட்டும் என்பார்கள். வேலை நடக்க வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் பூட்டைத் திறந்த அந்தக் கணத்தில், அதை யார் எந்த வரியில் பிடித்திருந்தார் என்ற ஒரே சாட்சியமும் போய்விடுகிறது. பாதி எழுதிய நிலையில் இருந்த புரோகிராமிடமிருந்து பூட்டைப் பிடுங்கினால் அழியாமல் இருந்த பதிவும் அழியலாம். மின்தடையில் சங்கிலி அறுந்த கோப்பை நகல் எடுக்காமல் பழுதுபார்த்தால், பழுதுபார்க்கும் கருவி தனக்குப் புரியாத பகுதியைக் குப்பையென்று ஒதுக்கிவிடும். அதில் நல்ல பதிவுகளும் இருந்திருக்கலாம். பூட்டுப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவைக்கச் சில விநாடிகள், கோப்பை நகலெடுக்கச் சில நிமிடங்கள். அவசரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உண்மையில் இல்லை; வரிசை மாறாமல் இருந்தால் போதும்: முதலில் சாட்சியம், பிறகு நிவாரணம், அதன்பின் காரணம்.

மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது. உடன்பாடுகளை எழுதிவைக்கத்தானே அகராதி இருக்கிறது, அதை ஒழுங்காக எழுதினால் போதாதா? போதாது. அகராதி விவரிக்கிறதே தவிரக் கட்டுப்படுத்துவதில்லை. வினாமொழியில் அறிக்கை கேட்கும்போது அது துணைக்கு வரும். முதல், இரண்டாம், மூன்றாம் புலங்களின் மதிப்புகள் ஒன்றுக்கொன்று நேரானவை என்று அதில் எழுதிவைக்கவும் முடியும். ஆனால் புரோகிராம் பதிவைப் படிக்கும்போதும் எழுதும்போதும் அகராதியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எழுதியும் செல்லாத சட்டம் அது. அதனால் உடன்பாட்டை எழுதும் இடம் இரண்டாக இருக்க வேண்டும்: மனிதர் படிக்க அகராதியில், கணினி சோதிக்க ஒரு சிறு காவல் புரோகிராமில். ஒவ்வொரு இரவும் கோப்பு முழுவதையும் நடந்து, மூன்று புலங்களிலும் மதிப்புகளின் எண்ணிக்கை சமமா என்று எண்ணிப் பார்க்க இருபது வரி போதும். அணைகளின் பதிவில் பெயர் மூன்று, அளவு இரண்டு என்று அன்றிரவே அது சொல்லியிருக்கும். எண்ணிக்கை சமமாக இருந்தும் வரிசை புரண்டிருக்கலாமே என்றால் உண்மைதான். அதைப் பிடிக்க, நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்க்கும் இன்னொரு சோதனை வேண்டும். எந்தக் காவலும் முழுமையானதில்லை. ஆனால் ஒவ்வொரு பிழையும் தன் பங்குக்கு ஒரு சோதனையை விட்டுச்சென்றால், அதே பிழை இரண்டாம் முறை ஒளிந்து வர முடியாது.

அப்படியானால் ஒரு கோளாறு தீர்ந்தது என்று எப்போது சொல்லலாம்? புகார் நின்றுவிட்டது என்பது சான்றாகாது. பூட்டுப் பிழை தானே மறைந்து தானே திரும்பும், தேதிப் பிழை ஆண்டுக்கணக்கில் உறங்கும். கோப்பின் நகலில் அதே பிழையை நாம் விரும்பியபோது வரவழைக்க முடிய வேண்டும். திருத்திய பிறகு அதே படிகளைச் செய்தும் அது வராமல் இருக்க வேண்டும். முறிந்த உடன்பாடு என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். இதில் மூன்றாவது நிபந்தனையை நிர்வாகிகள் வீண்வேலை என்று தள்ளிவிடுவதுண்டு. ஆனால் முதல் இரண்டும் இன்றைய கோளாறை மட்டுமே தீர்க்கின்றன. எழுதிய ஆள் ஓய்வுபெற்ற பிறகும் இருபது ஆண்டுகள் ஓடப்போகும் ஒரு மென்பொருளில், அடுத்து வருபவருக்கு அந்தப் புரோகிராமைவிடப் பயனுள்ள ஆவணம் அந்த ஒரு வாக்கியம்தான். அதை எழுதும் நேரத்தையும் பிழை திருத்தும் வேலையின் கூலிக்குள் சேர்த்துக் கணக்கிடாத அலுவலகம், அதே பிழைக்கு மீண்டும் மீண்டும் கூலி கொடுத்துக்கொண்டிருக்கும்.